முத்திரை வைத்தவரின் குடை

அந்த அதிகாரியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எங்கள் ஊரில் நொடித்துப்போன நிதிக் கம்பனியைப் பொறுப்பெடுக்க அரசாங்கம் அனுப்பிய ஆள். கசங்காத வெள்ளைச் சட்டை. வாய் திறக்குமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

கம்பனி விறாந்தையில் தைக்கும் நான், தையல் மெஷினை இரவில் உள்ளே வைத்துவிட்டுப் போவேன். அன்று காலை வந்தால், அவர் கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டு நிற்கிறார்.

"ஐயா, உள்ளுக்கை கிடக்கிற மெஷின் என்ரை. கம்பனியின்ரை இல்லை."

கண்ணாடியைத் துடைத்தார். "உள்ளுக்கை கிடக்கிறதெல்லாம் இப்ப என்ரை பொறுப்பு. கோட்டு உத்தரவு இல்லாமல் முத்திரையை உடைக்கேலாது."

"அப்ப நான் என்னத்தாலை தைக்கிறது? பல்லாலையோ?"

மழை பிடித்தது. யன்னலுக்குள்ளே அவருடைய குடை தொங்குவதைக் காட்டினேன். பார்த்தார். பூட்டைத் தொடாமல் நனைந்துகொண்டே போனார்.

நேர்மையான மனிதர் என்றார்கள். இருக்கட்டும். அவர் ஒரு மழைக்குத்தான் நனைந்தார். நான் எத்தனை நாள் அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது?