என் பக்கம் ஏறும் தண்ணீர்

பேய், செய்வினை என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். சிவில் டிப்ளமோ படித்தவன். விழுப்புரத்தில் ஒரு கட்டட சைட்டில் சூப்பர்வைசர், திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். தண்ணீர் மட்டம் பொய் சொல்லாது என்று நாள் முழுக்க மற்றவர்களிடம் சொல்வதுதான் என் பிழைப்பு. அதனால் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

எங்கள் தெருவில் ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு வீடுகள் எல்லாம் பள்ளமாகிவிட்டன. மழை வந்தால் ஹாலில் தண்ணீர். எதிர்வீடு பெரியப்பா மகன் சதீஷுடையது. என்னைவிட ஆறே மாதம் பெரியவன், ஆனால் மார்க்கில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் எனக்கு ஒரு படி மேலே. போன வருஷம் அவன் ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே இரண்டு அடி தூக்கிவிட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "புள்ளன்னா இப்பிடி இருக்கணும்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது அவன் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். விழவே இல்லை.

ஜாக்கி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. உள்ளே மண் கொட்டித் தரையை மட்டும் ஏற்றலாம் என்றார் மேஸ்திரி.

"அவன் தரைய விட ஒரு செங்கல்லு உயரம் மேல வரணும். அது போதும்" என்றேன்.

"வீட்டுக்குத் தரை போடுறியா, சதீஷுக்குப் போடுறியா?" என்று சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். மண் கொட்டிக் கெட்டியாக இடித்தாயிற்று. மட்டம் பார்க்கும் டியூபைத் தெருவின் குறுக்கே போட்டோம். தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப்தான், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். தரைக்கு மேலே தண்ணீர் எவ்வளவு ஏறி நிற்கிறதோ அவ்வளவுக்குத் தரை பள்ளம். சதீஷ் தன் வாசலில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், சிரித்த முகமாக, வேலையாட்களுக்கு டீ வேறு அவன் வீட்டிலிருந்துதான். அளந்தால் எங்கள் தரை அவன் தரையைவிட ஒரு கல் கீழே.

இரண்டு கல் உயரத்துக்கு மண் ஏற்றினோம். அளந்தோம். ஒரு கல் கீழே.

"உள்ள காத்து அடைச்சிக்கினு இருக்கும்" என்று மேஸ்திரி டியூபை உதறி, வேறு தண்ணீர் பிடித்தார். இன்னும் ஒரு கல் ஏற்றினோம். நம்பினால் நம்புங்கள், அப்போதும் அதே ஒரு கல் கீழே. அப்பா சட்டை போடக் கையைத் தூக்கினால் ஃபேனில் இடித்தது. அம்மா நிலைவாசலில் குனிந்து வந்து, "இன்னும் ஏத்துனா நான் தவழ்ந்துதான் சமைக்கணும்டா" என்றாள். நான் கேட்கவில்லை. "இன்னொரு கல்லு" என்றேன்.

மேஸ்திரி டியூபைக் கீழே போட்டார். "என்னால ஆவாது தம்பி. பேஜாரா கீது. முப்பது வருஷத்துல தண்ணி இப்பிடி நின்னு நான் பாத்ததில்ல."

அப்போது சதீஷ் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். "இன்னாடா, எங்க வூட்ட விட மேடா போட்டுட்ட? இங்க வந்து பாரு."

போய் அவன் வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் தரை அவன் தரையைவிட நன்றாகவே உயரத்தில் இருந்தது. திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். அவன் தரைதான் உயரம்.

அப்பாவும் அம்மாவும் பட்ட பாட்டைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டேன். மேஸ்திரி டியூபை விட்டுவிட்டுப் போனவர், எத்தனை போன் செய்தும் அதை வாங்க வரவில்லை. தண்ணீரோடு ஹால் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டினேன், ஒரு முனை தெருப் பக்கம், ஒரு முனை உள்பக்கம். இரண்டிலும் தண்ணீர் சமமாக நிற்க வேண்டும், பள்ளிக்கூடப் பாடம் அது. உள்முனையில் ஒரு விரல் உயரமாக நின்றது. முனைகளை மாற்றி மாட்டினேன். மறுபடியும் என் பக்கம்தான் ஏறியது.

போன வாரம் சதீஷுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நானும் போனேன், தட்டு தூக்கினேன், போட்டோவில் எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் அந்த டியூபைத்தான் பார்த்தேன்.

என் பக்கம் இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தது.