முனை சீவிய வீடு

மாம்புரித் தச்சர் கில்பட் பாஸ் செய்த மேசையை இருட்டில் தடவினாலும் அவருடையது என்று சொல்லிவிடலாம். கையில் ஓரிடத்திலும் கூர் படாது. எந்தப் பலகையானாலும் சீவுளியைச் சாய்த்துப் பிடித்து நாலு இழுப்பு இழுத்து, விளிம்பைச் சரிவாக்கிய பிறகுதான் வெளியே விடுவார். கேட்டால் விளக்கம் தயார். கூராக விட்ட விளிம்பில்தான் முதலில் சிம்பு பெயரும், பெயின்ட் உரிவதும் அங்கேதான். கதவின் பூட்டுப் பக்கத்தைக் கொஞ்சம் சரித்துச் சீவாவிட்டால் மழைக்காலத்தில் நிலையோடு உரசிக்கொண்டு நிற்கும். துடுப்பின் பிடியைச் சீவாமல் கொடுத்தால் கடலுக்குப் போகிறவனின் உள்ளங்கை கொப்புளித்துப்போகும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அவரைச் சீவ வைத்தது இவை எதுவுமில்லை, மகள் அஜித்தா.

அஜித்தாவுக்கு ஏழு வயதில் முதல் வலிப்பு வந்தது. நின்ற பிள்ளை அப்படியே சரிந்து, மேசை முனையில் பட்டுப் புருவம் கிழிந்தது. அந்த மேசை அவரே செய்தது. அன்று பின்னேரம் சீவுளியை எடுத்தவர்தான், விட்டாரா மனுசன்? மேசை, கட்டில், அலுமாரி, கதவு நிலை என்று எல்லாவற்றையும் சீவி, கடைசியில் மேசனைக் கூப்பிட்டுச் சீமெந்துப் படியைக்கூட மழுக்கினார். இனி என்னுடைய மூக்குத்தான் மிச்சம் என்று மனைவி கத்தரினா பகிடி பண்ணுவாள். மருந்து ஒழுங்காகப் போனது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை விழுவாள், விழுந்த இடம் வீங்கும், அவ்வளவுதான்.

கலியாண வயது வந்தபோதுதான் வினை வந்தது. சிலாபத்திலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு மனுசி, தேத்தண்ணி குடித்தபடியே வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். சின்னப் பிள்ளைகள் இல்லாத வீட்டில் படியைக்கூட ஏன் மழுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அழகுக்குத்தான் என்று கில்பட் மழுப்பப் பார்த்தார். கத்தரினாவின் முகம் செத்துப்போனது. அந்த மனுசி ஊருக்குள் யாரையோ விசாரித்திருக்க வேண்டும். ஒரு கிழமைக்குள், சம்பந்தம் சரிவராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அவமானம் கில்பட்டின் புத்தியைக் கெடுத்தது. அடுத்து நுரைச்சோலையிலிருந்து றொபி என்ற மாப்பிள்ளையின் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், தான் செய்த சாமான்களையெல்லாம் பட்டறைக்குள் அடுக்கி மூடினார். கடைக்கார இஸ்ஸதீனிடம் கூர்மூலை மேசையும் கதிரைகளும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் போட்டார். படிக்கு மேல் பாயை விரித்தார். என்ன செய்வது, பெற்ற மனம் பயந்தால் இப்படித்தான் குறுக்கு வழி தேடும். அந்தக் கூர்மூலைகளுக்கு நடுவே அஜித்தா தேத்தண்ணித் தட்டோடு நடந்தபோது அவர் பாய்ந்து பிடிக்கத் தயாராகக் கதிரை நுனியில் இருந்தார். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை. பெண்ணைப் பிடித்துவிட்டது.

மறுநாளே அவளைத் தலவில் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய், புனித அன்னம்மாளின் சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்த வைத்து, இந்த வலிப்பு வருத்தத்தைப் பற்றிப் புகுந்த வீட்டில் மூச்சுவிடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்.

"அப்பா, றொபிக்கிட்ட மட்டும் சொல்லட்டா?" என்று அவள் கேட்டாள்.

"வாயைத் திறந்தா உன்ர வாழ்க்கை போச்சு, பிள்ளை" என்றார்.

சீதனக் கட்டிலையும் அலுமாரியையும் வழமையைவிட அகலமாகச் சீவினார். அதைப் புது மோஸ்தர் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் றொபி வீட்டுக் குசினிக்குள் போனவரின் கண் அடுப்புப் பக்கம் போய் நின்றது. புதிதாகப் போட்ட கருங்கல் மேடை. வெட்டிய வாக்கிலேயே விட்டிருந்தார்கள், விரலை வைத்தால் கீறும். அஜித்தா நாள் முழுக்க நிற்கப்போகிற இடம். கிரைண்டர் பிடித்தால் ஒரு மணித்தியால வேலை. கை நமநமத்தது. நான் மழுக்கித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தார். சிலாபத்து மனுசியின் பார்வை நினைவுக்கு வந்தது. நல்ல கல் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கலியாணத்துக்குப் பிறகும் மகளைப் பார்க்கப் போகும் நேரமெல்லாம் அந்த விளிம்பைப் பார்ப்பார், சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் திரும்புவார்.

கலியாணமாகி எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் றொபி போன் எடுத்தான். அவனால் பேச முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கிச் சொன்னார். றொபி வேலைக்குப் போயிருந்த நேரம் அஜித்தா குசினியில் விழுந்திருக்கிறாள். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எதில் அடிபட்டது என்று கில்பட் கேட்டார். பதில் தெரிந்தும் கேட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து றொபி மாம்புரிக்கு வந்தான். கில்பட் அவன் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினார். வருத்தம் இருந்தது, மறைத்தேன், உன் வீட்டுக் கல்லைப் பார்த்தும் பேசாமல் வந்தேன், என் பிள்ளையைக் கொன்றது நான்தான் என்றார். அடிப்பான், காறித் துப்புவான் என்று காத்திருந்தார். துப்பியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

றொபி தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும் மாமா. கலியாணம் முடிஞ்ச மூண்டாம் நாளே சொல்லிட்டா. மருந்து நான்தான் எடுத்துக் குடுக்கிறது."

தெரிந்துமா அந்தக் கல்லை அப்படியே விட்டாய் என்று கில்பட் கேட்டார்.

"ஆளைப் பிடிச்சு மழுக்குவம் எண்டு எத்தினை தரம் சொன்னன். அவதான் விடல்ல. அப்பா வாற நேரமெல்லாம் அந்தக் கல்லைத்தான் பாக்கிறார், மழுக்கினா உடனே கண்டுபிடிச்சிடுவார், சத்தியத்தை முறிச்சிட்டன் எண்டு தெரிஞ்சா தாங்கமாட்டார் எண்டவ."

கில்பட் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். சொல்லியிருக்கலாமே பிள்ளை, என்னட்டச் சொல்லியிருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். கத்தரினா வந்து பிடித்துத் தூக்கியும் எழும்பவில்லை.