பாலியில் பூசாரியானேன்

போன வருஷம் மகள் என்னைப் பாலித் தீவுக்குக் கூட்டிப்போனாள். சிங்கப்பூரில் அவளோடு வேலை பார்க்கும் இரண்டு சீனத் தோழிகளும் வந்தார்கள். அப்பா ஷெல் எக்ஸ்போர்ட் பண்ணுகிறார் என்று அவர்களிடம் இங்கிலீஷில் சொல்லிவைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. தருவைகுளத்துக் கடலில் முப்பது வருஷம் மூச்சடக்கிச் சங்கு குளித்தவன் நான். அதை வாங்கி எக்ஸ்போர்ட் பண்ணின முதலாளி கார் வாங்கினார். எனக்குக் காது மந்தமானதுதான் மிச்சம். தோழிகள் முன்னால் பிள்ளை கூசுகிறாளே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அங்கே பாரம்பரியக் கலைகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம். முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் கண்ணை உருட்டி உருட்டி ஆடப் பழகிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மர முகமூடிகளைத் தாண்டிப் போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைச் சங்கு. தலையில் துணி கட்டிய மனிதர் ஒருவர் சுற்றிக் காட்ட வந்தார். அதைக் காட்டி, "சுங்கு" என்றார்.

"ஏளா, சங்குன்னு சரியா சொல்லச் சொல்லு."

"அவங்க பாஷையில அப்படித்தாம்ப்பா."

இத்தனை கடல் தாண்டியும் நம் சரக்கின் பேர் பெரிதாக மாறவில்லையே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வாய் சும்மா இருக்குமா? "ஐ சங்கு பாத்திங். தர்ட்டி இயர்ஸ்" என்றேன். சங்கெடுக்க மூழ்குவதை எங்கள் பக்கம் குளிப்பது என்றுதானே சொல்வோம்.

அவர் முகம் மாறியது. சங்கில் புனித நீர் மொண்டு முப்பது வருஷம் நீராடியவன் என்று நினைத்தார் போல. கைகூப்பிக் குனிந்து, "ப்ரீஸ்ட்?" என்றார். தோழிகளும் பவ்யமாகப் பார்த்தார்கள். நான் மகளைப் பார்த்தேன். எனக்கு முதலாளி வேஷமும் வேண்டாம், பூசாரி வேஷமும் வேண்டாம். அவள் வாயால் உள்ளதைச் சொன்னால் போதும் என்றிருந்தது.

அவள் சங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு படபடவென்று இங்கிலீஷில் பேசினாள். கையைத் தலைகீழாக இறக்கிக் காட்டினாள். கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக் காட்டினாள். எக்ஸ்போர்ட் என்ற பேச்சே இல்லை. "மை ஃபாதர்" மட்டும் என் மந்தக் காதிலும் நாலு தடவை விழுந்தது. அந்த மனிதர் மறுபடியும் கைகூப்பினார், முன்னைவிடத் தாழக் குனிந்து.

வாசலில் வருகைப் பதிவேடு இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் மகளே எனக்காக எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'சங்கு குளிப்பவர்' என்று தமிழில் எழுதியிருந்தாள்.

"ஏளா, இங்கன யாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்?"

"தெரியாட்டாப் போகட்டும். இங்கிலீஷ்ல எழுதுனா நீங்க மறுபடியும் பூசாரியாயிருவிய."