அடியில் ஒரு சொட்டும் இல்லை

ஊர்காவற்றுறையில் அப்பா சரக்கு ஏற்றிய பழைய வத்தைப் படகை அண்ணை இப்போது கூரை போட்டு வீடாக்குகிறார். பலகை இடுக்குகளில் பூசக் குங்கிலியம் காய்ச்சும் மணம் வந்ததுமே எனக்கு எரிச்சலும் வந்துவிட்டது.

அந்த நாளில் மாரி தொடங்கினால் எங்கள் குசினி அடுப்புக்கு மேலேயே ஒழுகும். அப்பாவோ கரையில் இழுத்துவிட்ட படகின் அடியில் குங்கிலியத்தோடு படுத்திருப்பார்.

"கூரையை ஒருக்காப் பாருங்கோவன்!" என்று அம்மா கத்துவா.

"வீடு ஒழுகினா பானை வைக்கலாம். படகு ஒழுகினா கடலுக்குப் பானை வைக்க ஏலுமே?"

பிறகு சோறு காய்ச்சப் பானை மிஞ்சாது.

நினைத்து முடிக்கவில்லை, மழை பிடித்தது. படகுக்குள் போட்ட புதுக் கட்டில் நனைந்தது.

"அண்ணை, கூரை ஒழுகுது!"

"அடியைப் பார் பிள்ளை, ஒரு சொட்டில்லை!" என்றார் பெருமையாக.

இருந்த ஒரேயொரு சோற்றுப்பானையைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன்.