இடப்பக்க மடிப்பு

ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத நீளமான அறை ஒன்று உண்டு. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அங்கேதான் வரும். கழுவி, துடைத்து, இரட்டைத் துணியில் பொட்டலம் கட்டி, ஆவி இயந்திரத்தில் வேகவைத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த அறையில் நின்றவளை எல்லோரும் நொட்டாங்கை அக்கா என்பார்கள். எழுதுவது, அள்ளுவது, மடிப்பது எல்லாம் அவளுக்கு இடது கைதான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மட்டும் அவள் ஹெல்பர்.

ஹெல்பர் என்றால் ஹெல்ப் செய்கிறவள், ஹெல்ப் என்றால் உதவி, இவ்வளவுதானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவளைச் சுற்றியிருந்தவர்கள் படுத்திய பாடு கொஞ்சமா? மூத்த நாத்தனார் வீடு மாற்றியபோது, "கொஞ்சம் ஹெல்ப்புக்கு வாம்மா" என்று கூப்பிட்டாள். போனால், அந்த மகராசி கட்டிலில் உட்கார்ந்து விரலை நீட்டினாள்; பரண் முதல் பாத்திரம் வரை கட்டி இறக்கியது இவள். ஓரகத்தி பிரசவத்துக்கு, "ஒத்தாசையா ரெண்டே ரெண்டு நாள்" என்றார்கள். அது நாற்பத்தெட்டு நாள் ஆயிற்று. கொழுந்தன் இருக்கிறானே, "அப்பாவுக்குக் கொஞ்சம் துணையா இருங்க அண்ணி" என்று சொல்லிப் போனவன், கிழவர் எழுந்து நடமாடிய பிறகுதான் தலைகாட்டினான். வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை நாலு வெங்காயம் உரிப்பார். உரித்துவிட்டு, "நான் அவளுக்கு எவ்வளவு ஹெல்ப் பண்றேன் தெரியுமா?" என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார். அவர் தொட்டால் அது ஹெல்ப். தினமும் அதே அடுப்படியில் அவள் வேகிறாளே, அதற்கு ஒரு பெயருமில்லை.

வீட்டுக் கதை கிடக்கட்டும். ஆஸ்பத்திரியில் நடந்தது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அதில் தேதி, சாமான் விவரம், கட்டியவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். ஹெல்பர் கையெழுத்துப் போடக்கூடாது, டெக்னீஷியன்தான் போட வேண்டும் என்பது சட்டம். டெக்னீஷியனாக வந்தவன் மேலாளருடைய மச்சினன். வந்த மூன்று வருஷத்தில் அவன் பொட்டலம் கட்டியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். காலையில் வந்ததும் வெறுஞ்சீட்டு ஐம்பதில் கடகடவென்று கையெழுத்தைப் போட்டு மேஜையில் வைப்பான். "அக்கா, பாத்து ஒட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஃபோனோடு போய்விடுவான். அவள் கட்டிக் கட்டி ஒட்டுவாள். பெரிய டாக்டர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்து, "பொட்டலமெல்லாம் கனகச்சிதமா இருக்கே, யார் வேலை?" என்று கேட்டார். "நான்தான் சார். இந்த அக்கா கூட ஹெல்ப் பண்ணுவாங்க" என்றான் அவன், கூசாமல்!

ஒரு செவ்வாய்க்கிழமை தியேட்டரில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கத்தரியின் மூட்டில் காய்ந்த ரத்தம். தியேட்டர் சிஸ்டர் அதைப் பார்த்து ஒதுக்கிவிட்டதால் நோயாளி தப்பினார். ஆனால் டாக்டர் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

மதியம் அவளை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் அந்தப் பொட்டலத் துணி பிளாஸ்டிக் உறையில் கிடந்தது. பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதம். மச்சினன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தியேட்டர் சிஸ்டர் நாற்காலியில் இருந்தார்.

"இதுல கையெழுத்துப் போடும்மா. கவனக்குறைவுக்கு நீதான் பொறுப்புன்னு ஒத்துக்கிறே. நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேலாளர்.

அந்தக் காகிதத்தோடு வெளியே போனால் வேறெந்த ஆஸ்பத்திரிக்காரன் அவளைச் சேர்ப்பான்?

"சீட்டுல இருக்கிறது தம்பியோட கையெழுத்து சார்."

"அவன் கையெழுத்துதான் போட்டான். வேலை செஞ்சது நீதானேம்மா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படி வாங்க வழிக்கு! பத்தொன்பது வருஷமா நான் கட்டுனதெல்லாம் ஹெல்ப்பு. பெரிய டாக்டர் பாராட்டுனப்ப நான் ஹெல்ப்பு. இன்னிக்கு ரத்தம் இருந்ததும் மொத்தமும் நான் செஞ்ச வேலை ஆயிடுச்சா?"

"குரலை உசத்தாதேம்மா."

"இத்தனை நாள் உசத்தாம இருந்ததுதான் சார் தப்பு. அந்தத் துணியைக் கொஞ்சம் விரிச்சுப் பாக்கலாமா?"

ஆவியில் வெந்து காய்ந்த துணியில் மடிப்பு அழுத்தமாக விழுந்துவிடும்; சலவைக்குப் போகும் வரை அழியாது. அவள் துணியை மேஜைமேல் பரப்பினாள். கடைசி முனையைச் செருகிய கோடு வலப்பக்கம் ஓடியது.

"நான் நொட்டாங்கை. என் முனை இடப்பக்கம்தான் செருகும். வலப்பக்கம் செருகணும்னு நினைச்சாலும் என் கை கேக்காது. சிஸ்டர், தினமும் பிரிக்கிறவங்க நீங்க, சொல்லுங்க."

சிஸ்டர் எழுந்து வந்து கோட்டைத் தடவிப் பார்த்தார். "ஆமா. இவங்க பொட்டலத்தை நான் எப்பவும் இடப்பக்கத்திலேர்ந்துதான் இழுப்பேன். இது இவங்க கட்டுனது இல்ல."

மச்சினன் மேலாளர் பக்கம் திரும்பினான். "அன்னிக்கு அக்கா சாப்பிடப் போயிருந்தாங்க. தியேட்டர்லேர்ந்து அவசரம்னு ஃபோன் வந்துச்சு மாமா… ஒண்ணே ஒண்ணுதான்…"

மாமா அப்போதும் விடவில்லை. "சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. இந்தக் காகிதத்தைக் கிழிச்சுடறேன். நீ போய்ப் பழையபடி இவனுக்கு ஹெல்ப்பா இரும்மா."

பழையபடியாம்! அவள் மூவரையும் தன் நீள அறைக்கு, பொட்டலம் அடுக்கும் அலமாரிப் பக்கம் வரச் சொன்னாள். சிஸ்டர் முதலில் கிளம்பியதால் மற்ற இருவரும் போக வேண்டியதாயிற்று. நாலு தட்டு நிறையப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் மச்சினனின் சுழித்த கையெழுத்து. ஒவ்வொன்றிலும் முனை இடப்பக்கம்.

"எண்ணிப் பாருங்க சார். யாரு யாருக்கு ஹெல்ப் பண்ணியிருக்கா?"

அவள் இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் அதில் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

"என் பொட்டலத்துல என் கையெழுத்து வரணும். அதுவரைக்கும் இந்தக் கை துணியைத் தொடாது."

"சட்டத்துல இடமில்லைம்மா…"

"நாளைக்கு எட்டு ஆபரேஷன் இருக்கு சார். இவர் கட்டுனதை நான் பிரிக்க மாட்டேன். பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார் சிஸ்டர்.

மேலாளர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் குவிந்து கிடந்த இடுக்கிகளைப் பார்த்தான். சட்டத்தில் எங்கிருந்தோ இடம் வந்துவிட்டது.

மேஜையில் மிச்சமிருந்த கையெழுத்துச் சீட்டுகளை அவள் குறுக்கே கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். முதல் பொட்டலத்தை மடித்து, முனையை இடப்பக்கம் செருகி, புதுச் சீட்டில் தன் பெயரை முழுசாக எழுதினாள். அப்பா பெயரின் முதலெழுத்தையும் விடவில்லை. பிறகு மச்சினனிடம் ஒரு தட்டு இடுக்கியைத் தள்ளினாள்.

"தம்பி, மூட்டு மூட்டா பிரஷ் போட்டுத் தேய்ங்க. கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க."