ஊமைப் படத்துக்குக் குரல் கொடுத்தவர்

தியேட்டரில் படம் ஓட்டுகிறவனுக்குச் சம்பளத்தோடு ஏச்சும் சேர்த்தே கிடைக்கும். அடுத்தவன் பிழைக்கு ஏச்சு வாங்கும் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

பெட்டி வரும்வரை

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் எங்கள் தியேட்டருக்கும் அக்கரைப்பற்றில் இன்னொன்றுக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டிதான். அங்கே ஓடி முடிந்த ரீல் மோட்டார் சைக்கிளில் இங்கே வரவேண்டும். அது சுணங்கினால் நான் ஒரு பழைய ஊமைச் சிரிப்புப் படத்தைப் போடுவேன். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, எங்கள் பக்கத்து முஸ்லிம் வழக்கில் அண்ணனைச் சொல்வதுபோல் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மஜீது காக்கா அதற்குக் குரல் கொடுப்பார். படத்தில் தடித்த பொலிஸ்காரன் ஒருவன் ஓர் ஒல்லியனைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்துவான், அவன் திரும்பி ஓடிவந்து தட்டுவான். காக்காவின் வாயில் ஒல்லியன் புது மாப்பிள்ளை, பொலிஸ்காரன் மாமி. "மாமி, கதவத் திறங்க! நீங்க ஆக்கின புளியாணம் ருசியில்லெண்டு இனிச் சொல்லமாட்டன்!"

ஒருநாள் பெட்டி வந்துவிட்டதென்று ஊமைப் படத்தை நிறுத்தினேன். மலிவு டிக்கெட்டுக் கலரியிலிருந்து ஒருவர் கத்தினார்: "டேய் ஒப்பரேட்டர், பெட்டி கிடக்கட்டும்! மாமி கதவத் திறந்தாவா இல்லியா?"

கரகரப்பு

காக்காவின் குரல் கரகரத்தது. மாமியின் புதுக்குரல் என்று சனம் சிரித்தது. மட்டக்களப்பு டாக்டர் தொண்டையில் கட்டி என்றார். கொழும்பில் வெட்டவேண்டும், குரல் மிஞ்சுவது சந்தேகம். பெருநாள் காட்சிகள் முடியட்டும் என்று காக்கா ஒத்திப்போட்டார்.

ஒரு மாலை என் அறைக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. "தம்பி, அந்த ஒல்லியனக் கொஞ்சம் மெதுவா ஓட விடு. எனக்கு அவனோட ஓட ஏலாமக் கிடக்கு."

பெருநாள் காட்சி

தியேட்டர் நிரம்பி வழிந்தது. ஒல்லியன் கதவைத் தட்டினான். காக்கா வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. "மைக்கப் போடுடா!" என்று என்னை ஏசினார்கள். காக்கா மறுபடி முயன்றார். பிறகு கலரியில் ஒருவன், "மாமி, கதவத் திறங்க!" என்று கூவினான். அடுத்த வசனத்தை முழுத் தியேட்டரும் சொன்னது. காக்கா மைக்கைச் சனத்தின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வெளிச்சம் விழவில்லை.

வெளியே போகும்போது பாண்டிருப்பு மீன்காரர் ஒருவர் என் தோளில் தட்டினார்: "நல்ல விளையாட்டுத் தம்பி. நாளைக்கும் எங்களக் கதைக்க விடுவாரா?"

பயணம் சொல்ல

நான் சவூதிக்கு வேலைக்குப் போகுமுன் பயணம் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். கொழும்பில் கட்டியை வெட்டி எடுத்தாகிவிட்டது, கழுத்தில் துணி. என்னைக் கண்டு உதடுகளை அசைத்தார். எனக்கு விளங்கவில்லை. "பாஸ்போட் கவனமாம்" என்று அவர் மனைவி சொன்னார். தேத்தண்ணியை என் முன் வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமலே பேசினார்: "முந்தி இந்த மனிசன் வாயே மூடமாட்டார், தம்பி. கொஞ்சம் சும்மா இருங்களன் எண்டு நான்தான் ஏசிக்கிட்டே இரிப்பன்."

பிறகு வெளிநாட்டில் பல வேலை பார்த்துத் திரும்பியும் இந்தத் தொழிலில் கண்டதுதான் மனதில் நிற்கிறது: ஒருவனுக்கு என்ன வருத்தம் என்று, சிரித்து முடியும்வரை யாரும் கேட்பதில்லை.