புதுக் கிளச்சுக்கு ஐந்நூறு மைல்

கல்யாணமான இரண்டாம் வருஷம் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் சொந்தக் காரின் கிளச்சு ஏற்காட்டு மலைப் பாதையில் கருகிப்போயிற்று. காரில் யாரோ ஒருவர் கல்யாணத்துக்குப் போன மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர். பாதி மலையில் இஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. ஒரே தீய்ந்த நாற்றம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் மிச்ச மலையை நடந்தே ஏறினார்களாம். என் வீட்டுக்காரர் காரை உருட்டியே அடிவாரத்துக்கு இறக்கி, மாடு கட்டி இழுத்துச் சேலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தார். இரண்டு நாள் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

மெக்கானிக் மதராஸிலிருந்து வேறு கிளச்சு வரவழைத்தார். பழையதைவிடப் பலமானது. அது பூட்டி முடிந்த அன்று நானும் சேலத்துக்குப் போயிருந்தேன். பூ வாங்கத்தான் போனேன். காரில் திரும்பலாம் என்ற ஆசையும் இருந்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் காரில் நான் நாலு தடவை ஏறியிருந்தால் அதிகம். அது எப்போதும் யாரையாவது ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போயிருக்கும். அவரும் கூடவே போயிருப்பார்.

மெக்கானிக் கனத்த உடம்புக்காரர். பெரியவர், சின்னவர் எல்லா ஆண்களையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, இது மலையேறவே செஞ்ச கிளச்சுங்க. ஆனா தகடும் தகடும் இன்னும் ஒண்ணுக்கொண்ணு பழகலீங்க. ஐந்நூறு மைலுக்கு ஆளேத்தாதீங்க, மலையேறாதீங்க, வெரட்டாதீங்க. சமதரையில நிறுத்தி நிறுத்தி எடுங்க. ஒவ்வொருவாட்டியும் மெதுவாக் காலை விடோணும். எடுத்த பொறவு அது மேல காலே இருக்கப்படாது."

"சரிங்க, சரிங்க" என்றார் இவர்.

சோதித்துப் பார்க்க ஆட்டையாம்பட்டி வரை ஓட்டினோம். மெக்கானிக் முன்னால், நான் பின்னால். அரை மைல் போகவில்லை, "கால், சாமி, கால்!" என்று மெக்கானிக் கத்தினார். இவருடைய இடது கால் தானாகவே போய்க் கிளச்சு மிதி மேல் உட்கார்ந்திருந்தது. எடுப்பார், மறுபடி போய் உட்காரும். வண்டியைக் கிளப்பும்போதோ சட்டென்று விட்டுவிடுவார், கார் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும்.

"இப்படி ஓட்டுனா இதையும் கருக்கிப்போடுவீங்க" என்றார் மெக்கானிக்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏனுங்க, தறி மிதிக்கிற மாதிரி மிதிச்சா என்னங்க? அங்கயும் வெடுக்குனு விட்டாப் பாவு நூல் அறுந்துருமுங்க" என்றேன்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். "அம்மிணி தறிக்கார ஊட்டுப் புள்ளைங்களா?"

"ஆமாங்க. வெண்ணந்தூர்."

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் பெண்கள். அப்பாவுக்கு முதுகு வலி வந்தபோதெல்லாம் மூத்தவள் நான்தான் தறிக்குழியில் இறங்கி நெய்தேன். இவர் வீட்டில் ஜவுளி விற்றார்களே தவிர நெய்தவர்கள் இல்லை.

"அப்போ இந்தக் கிளச்சுக்கு அம்மிணி காலுதான் தோதுங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வயிறு குலுங்கச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கோபம் என்றே நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் "கெளம்பு" என்றார். நாமக்கல் ரோட்டில் இரண்டு பக்கமும் சோளக்காடு, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"அந்தப் பக்கம் நகுந்து உக்காரு."

"ஐயோ, நானாங்க?"

"ராத்திரி பூரா யோசிச்சுட்டேன். என்ற காலை எனக்கே நம்பிக்கையில்லை."

மூன்று தடவை இஞ்சின் நின்றுபோயிற்று. நாலாவது தடவை செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, வெறுங்காலை மிதி மேல் வைத்தேன். மெல்ல மெல்ல விட்டேன். ஒரு இடத்தில் அடியிலிருந்து ஒரு சின்ன நடுக்கம் பாதத்துக்கு ஏறியது. தகடுகள் தொட்டுக்கொண்ட இடம் அது. அங்கே ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, அப்புறம் முழுக்க விட்டேன். சோளக்காடு பின்னால் நகர ஆரம்பித்தது. நான் என்னையறியாமல் கத்திவிட்டேன். அவரும் கத்தினார். "ரோட்டைப் பாரு, ரோட்டைப் பாரு!"

அதன்பின் தினமும் அதே வேலைதான். ஒரு புளியமரத்தடியில் நிறுத்துவேன், கிளப்புவேன், நாலு மரம் தாண்டி மறுபடி நிறுத்துவேன். ஒரு நாள் காலை மாடு ஓட்டிக்கொண்டு வந்த குடியானவர் ஒருவர் நாங்கள் நின்ற இடத்தில் நின்றார்.

"ஏனுங்க, வண்டி கெட்டுப்போச்சுங்களா? மாட்டைப் பூட்டட்டுங்களா?"

"இல்லீங்க. புதுசு, பழக்குறோமுங்க" என்றார் இவர்.

"ஓ, கெடாரிக் கன்னுக்குட்டியப் பழக்கறாப்பலயா?" என்றவர் ஓட்டுவது யார் என்று அப்போதுதான் பார்த்தார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் கிளம்பினோம், நின்றோம், கிளம்பினோம். அவரும் மாடுகளோடு கூடவே நடந்தார். ஒவ்வொரு தடவை நான் கிளப்பும்போதும் "ஹேய், ஹேய்" என்று மாட்டுக்குச் சொல்வதைக் காருக்கும் சொன்னார். அவர் ஊர் பிரிகிற இடம் வரை எங்களால் அவரை முந்த முடியவில்லை.

முதல் நூறு மைல் நான் ஓட்டினேன். ஆனால் வாடகை ஓட்டப்போவது அவர்தானே, அவர் கால் பழக வேண்டுமே! வண்டி ஓட ஆரம்பித்ததும் இடது காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நன்றாகத்தான் போனது. எதிரே ஒரு ஆட்டு மந்தை வந்தது. மடக்கின கால் வேட்டியில் சிக்கிக்கொண்டது. வலது காலால் பிரேக்கை மட்டும் மிதிக்க, கார் குலுங்கி அப்படியே செத்துப்போயிற்று. இரண்டு ஆடுகள் முன்பக்கம் ஏறி நின்றன. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆட்டுக்காரருக்குத் திட்ட மனம் வரவில்லை.

பிறகு வேறு வழி கண்டுபிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். தேவையில்லாமல் மிதி மேல் போனால் தொடையில் ஒரு கிள்ளு. முதல் நாள் தொடை சிவந்து கன்றிப்போயிற்று. "ஊட்டுல அரிசி வேவுதோ இல்லையோ, என்ற தொடை வெந்துருச்சு" என்றார். ஒரு வாரத்தில் கிள்ளுவதற்கு வேலையே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆளேற்றக் கூடாது என்பதால் அந்த நாட்களில் யார் கூப்பிட்டாலும் "வண்டி பழகுதுங்க" என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் ஜேடர்பாளையம் வரை போனோம். காவேரியில் குளித்து, கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டோம். அவருக்கு எலுமிச்சை ஊறுகாய் பிடிக்காது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக அதைத்தான் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க சொல்லலை?" என்று கேட்டேன். "நீ நல்லாயிருக்கான்னு கேக்கவேயில்லையே" என்றார்.

ஐந்நூறு மைல் முடிந்தது. இனி பாரம் ஏற்றி மலையேற வேண்டும். வாடகைக்கு வருகிறவர்களை ஏற்றி மறுபடி அவமானப்பட அவருக்குத் துணிவில்லை. "நம்ம சனத்தையே ஏத்திக்கலாம்" என்று நேராக வெண்ணந்தூருக்கு விட்டார். அப்பா, அம்மா, தங்கைகள் இரண்டு பேர், என்னோடு ஐந்து. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஏற்காட்டு மலை நீலமாகத் தெரியும். அவர்களில் ஒருவரும் அதன் மேல் ஏறியதில்லை.

மலையில் அவர்தான் ஓட்டினார். நான் அவர் காலைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. செங்குத்தான ஒரு வளைவில் மேலிருந்து மூங்கில் ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. நிறுத்தியே ஆக வேண்டும். வண்டி கடந்து போயிற்று. ஆறு பேர் பாரத்தோடு ஏற்றத்தில் கிளப்ப வேண்டும். தங்கைகள் முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டுக் காலை மெல்ல விட்டார். பின்னால் ஓர் அங்குலம்கூடச் சரியாமல், நாற்றம் இல்லாமல், நடுக்கம் இல்லாமல் கார் மேலே போயிற்று. அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் காது மடல்வரை சிரிப்பு தெரிந்தது.

மேலே ஏரிக்கரையில் பனி இறங்கியிருந்தது. சித்திரையிலும் இப்படிக் குளிருமா என்று அம்மா தங்கைகளின் மாற்றுத் தாவணி இரண்டையும் வாங்கித் தலையோடு சுற்றிக்கொண்டாள். அப்பா கமலாப்பழம் உரித்து எல்லோருக்கும் கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் இவர் புறப்படலாமா என்று கேட்டார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாமுங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா. மாப்பிள்ளையிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் காரின் கதவைச் சாத்திவிட்டு வந்து, புல்லில் எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.